வடிகட்டும் அறை

டூலூத் நகரத்து ஃபெடரல் கட்டடத்தில்
ஜன்னல் இல்லாத அறை ஒன்று.
முப்பத்தேழு பெட்டி, ஒரு மேசை, நான்.
வாசிப்பது என் வேலை.
வாசித்ததை, வழக்கு நடத்தும் ஆட்களிடம்
மூச்சு விடாதிருப்பதும் என் வேலை.

பெட்டிகள் வக்கீல் ஐனார் லாஃப்தஸுடையவை.
ஒரு செவ்வாய்க்கிழமை கைவண்டியில் வந்தன,
பெப்பர்மின்ட் வாசத்தோடு.
இரண்டு தட்டு வைத்திருக்கிறேன்.
கட்சிக்காரன் 'செய்தேன்' என்றிருந்தால் இடது:
உறை, முத்திரை, அவ்வளவுதான்.
'செய்வேன், வழி சொல்லுங்கள்' என்று கேட்டு
வக்கீலும் வழி சொல்லியிருந்தால் வலது:
அங்கே பூட்டு என்று எதுவும் கிடையாது,
சாவி வைத்திருந்தவரே உள்ளே திருடிக்கொண்டிருந்ததால்.
செய்தேன், செய்வேன்.
நடுவில் ஓர் எழுத்து.
அந்த எழுத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

பத்தொன்பதாம் பெட்டியில் ஒரு மஞ்சள் தாள்.
மார்ச் ஒன்பது, இரவு எட்டரை.
"கார்டன் பெல்கி வந்தான். உட்காரவில்லை.
பதினோராம் நம்பர் லாரிக்குப் பிரேக் போனது
தெரியும் என்கிறான். தெரிந்துதான்
பையனை அதில் அனுப்பினானாம்.
தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை."
பையன் என்றால் வெண்டல் சாரி.
இருபத்துநாலு வயது.
சாலை ஏரியை நோக்கிச் சரியும் இடத்தில்
பனிச்சுவருக்குள் லாரி புதைந்து கிடந்ததை
நகரமே நின்று பார்த்தது. நானும்.

கை இடது தட்டுக்குப் போய்விட்டது.
அப்போதுதான் கடைசி வரி:
"கேட்டான்: இனி என்ன?"

இனி என்ன.
வினையே இல்லாத வாக்கியம். காலமும் இல்லை.
குப்புற விழுந்தவன் கேட்பதும் அதுதான்,
கூட்டாளி தேடுகிறவன் கேட்பதும் அதுதான்.

பத்தொன்பது வயதில் என் தம்பி லோரன்
இப்படி ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.
நாற்பது நிமிடம். என்ன சொன்னான் என்று
இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.
வெளியே வந்தவன் சாப்பிட்டான்,
மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.
ஆகையால் அந்தக் கதவைப் பற்றி
என்னிடம் யாரும் இளக்காரமாகப் பேச வேண்டாம்.

இருபத்திரண்டாம் பெட்டியில் இருந்தது பதில்.
மார்ச் பன்னிரண்டு, அலுவலகத் தாள், நல்ல அச்சு.
"பிரேக் சோதனைப் படிவத்தில்
பிப்ரவரி மூன்று என்று தேதி போடவும்.
மெக்கானிக் ஆரின் கையெழுத்துப் போடட்டும்.
வேறு பேனா பயன்படுத்துவது நல்லது.
அன்புடன், ஐனார்."

வேறு பேனா.
முப்பது வருடம் கோர்ட்டில் நின்ற மனிதர்
அந்த இரண்டு சொல்லில் கவிழ்ந்தார்.
தண்ணீர் கொடுத்த அதே கை.
வலது தட்டு. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மஞ்சள் தாளை மட்டும் நீதிபதிக்கு அனுப்பினேன்.
ப்ரூஸ்வீன் அம்மையார் நாலு நாள் வைத்திருந்தார்.
திரும்பி வந்தது நீலச் சீட்டோடு: இடது.
பயந்துபோய்க் கேட்டிருக்கிறான், அன்றைக்கு
அதற்குமேல் எதுவும் பேசியதாகத் தெரியவில்லை என்று
பென்சிலில் எழுதியிருந்தார்.
சரிதான். நானும் அப்படித்தான் தீர்த்திருப்பேன்.
சரி என்பதுதான் தூங்கவிடவில்லை.

மேல்மாடி அரசு வக்கீல் ட்ரூடி ஹாகன்
லிஃப்டில் என்னைப் பார்த்தால்
மழையா வெளியே என்பாள்.
மழைதான் என்பேன்.
பொய்த் தேதிக்காக இரண்டு பேரையும்
அவள் உள்ளே அனுப்பிவிடுவாள், கெட்டிக்காரி.
வெண்டலுக்காக என்று யாரும் போகப்போவதில்லை.

மே மாதச் சனிக்கிழமை.
கூட்டுறவுக் கடையில் கார்லா சாரி பில் போடுகிறாள்,
அவன் அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு.
டர்னிப்பை நிறுத்தாள். பால், ரொட்டி.
பாலத்தைத் தூக்கச் சொல்லிக் கப்பல் ஊதியது.
ஊதி முடியும்வரை பொறுத்திருந்து
என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:
"வேற ஏதாவது?"

இல்லை என்றேன்,
சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு.