வெள்ளை இருக்கும் ஆழம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே
ட்வெய்ன் வாளியோடு உட்கார்ந்துவிட்டான்,
பார்பெர்ட்டனில் எங்கள் வீட்டு முன் சிமெண்டில்.
முழங்காலுக்கடியில் கிழிந்த கால்மிதி.
எழுபத்து மூன்றாம் வருடத்துப் பச்சை வண்டி.
நாலு புது டயர்;
புதுசு என்றால் ஏப்ரலில் புதுசு.

வாங்கியபோது எழுத்துகளின் மேல் நீலப் பூச்சு இருந்தது,
பிறந்த பிள்ளை மேல் படிந்த மாவுபோல.
வெந்நீர் ஊற்றியதும் உள்ளேயிருந்து வெள்ளை
பால்பல்லாகச் சிரித்தது.
இப்போது செப்டம்பர்.
எல்லா எழுத்திலும் தேநீர்க் கறை.

எழுத்துக்கு ஐந்து நிமிடம் என்கிறான்.
டயருக்குப் பதினொரு எழுத்து.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.
நான் அவனுக்குப் பொரித்த முட்டையை
ஆறவிட்டு நானே தின்றேன்.

முதலில் சோப்பு நீர்.
அப்புறம் பாத்திரம் தேய்க்கும் கம்பிநார்:
என்னுடையது, கேட்காமல் எடுத்தது.
கடைசியாக நனைத்த உப்புத்தாள்,
வட்டமான எழுத்தில் மட்டும் சுற்றிச் சுற்றி.
‘அழுத்தாதே, அழுத்தாதே’ என்று
தனக்கே சொல்லிக்கொள்கிறான்.

பெயின்ட் இல்லை அர்லீன் இது, என்றான்,
பதினாறு வருடம் டயர் ஆலையில் நின்றவன்.
கறுப்புத் தோலுக்கு அடியில்
வெள்ளை ரப்பரைப் பட்டையாக வைத்து வேகவைப்பார்கள்.
மேடான இடத்தை மட்டும் சீவினால்
எழுத்து கண்திறக்கும்.
காகிதக் கனம்தான் வெள்ளை.
பேராசைப்பட்டுத் தேய்த்தால் மறுபடி கறுப்பு.

அப்போ பழுப்பு?
தெருத் தூசியா?

தூசி இல்லை.
ரப்பர் வெடிக்காமலிருக்க ஒரு மருந்து கலப்பார்கள்.
அது உள்ளேயிருந்து மெல்ல மெல்ல
மேலே கசிந்து வெயிலில் பழுக்கும்.
மருந்துதான் கறை.

சொல்லிவிட்டு என் விரல்களைப் பார்த்தான்.
பிறகு பார்க்காதவன்போல
வாளிக்குள் எதையோ தேடினான்.

ஆறு சுற்று முடிந்திருக்கிறது எனக்கு.
பத்து நகமும் பழுப்பு, அடியில் ஊதாக் கோடு.
வளர வளரப் போய்விடும், தேய்க்காதீர்கள் என்றாள் நர்ஸ்.
“உப்புத்தாளோடு என் பக்கம் வந்தால்
கையை முறிப்பேன்” என்றேன்.
சிரித்தான்.
மூக்கில் நுரை.

ஞாயிறு, தேவாலயத்துக் கார் நிறுத்தத்தில் கண்காட்சி.
முப்பத்தொரு வண்டி.
எழுத்தெல்லாம் நேராக நிற்க வேண்டுமாம்.
நான் இறங்கிக் கைகாட்டினேன்:
இன்னும் வா. இன்னும் ஒரு சாண். நில்!
முன்சக்கரம் நேர்.
பின்சக்கரம் தலைகீழ்.
பின்னுக்கு எடுத்தால் பின்னது நிமிர்ந்தது,
முன்னது குப்புற விழுந்தது.

ஒரே நாளில் மாட்டிய நாலுதான்.
ஆனால் வளைவில் உள்பக்கச் சக்கரம்
கொஞ்சம் குறைய ஓடும், வெளிப்பக்கம் கூட ஓடும்.
ஏப்ரலிலிருந்து எத்தனை வளைவு.
கிளீவ்லேண்ட் ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆறு தடவை;
இந்த வண்டியில்தான் வருவேன் என்று
அடம்பிடித்தது நான்.

நடுவர் ஜெனீவா ப்ரூயிட்
எஞ்சினைப் பார்த்தாள், இருக்கையை அமுக்கினாள்,
டயர் பக்கம் குனியவேயில்லை.
பரிசு ஒரு மஞ்சள் வண்டிக்கு.
அதன் டயரில் ஒருமுறை விரல் வைத்துவிட்டு வந்து
“பெயின்ட்” என்றான் என் காதில்,
யாரோ செத்துப்போன குரலில்.

திரும்பும் வழியில் அவனைச் சாலையோரம் இறக்கிவிட்டேன்.
நில், ஓடும்போது எப்படித் தெரிகிறது பார்.
நாற்பதில் ஒருமுறை அவனைக் கடந்து போய்
திரும்பி வந்தேன்.

என்ன படித்தாய்?

ஒன்றும் படிக்க முடியவில்லை.
வெள்ளையாய் ஒரு வளையம்,
அவ்வளவுதான்.

ஏறு, என்றேன்.
தூறல் பிடித்திருந்தது.
எங்கள் தெரு முனையில் எப்போதும் தேங்கும் அந்தச் சேறு.
ட்வெய்ன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.
நான் ஒதுக்கி ஓட்டவில்லை.