ஸ்டார்ட் பட்டன் இல்லாதவள்

டிசம்பரில் கேசட் சட்டென்று விழித்துக்கொள்ளாது.
போஜராஜ் அதை உருவி வாயோரம் வைத்து ஊதுவான்.
புகை வரும்.
வாயிலிருந்துதான். அவ்வளவு குளிர் ஜெகதளாவில்.
அதற்குப் பிறகும் திரை முழுக்கச் சாம்பல் கட்டங்கள் என்றால்
அவன் அம்மாவின் அடுப்படியில்
ஈர சாக்ஸ் காயும் கம்பிக்குப் பக்கத்தில்
அரை நிமிடம் காட்டி எடுத்து வருவேன்.
அது என் வேலை.

அவன் மாமா கோவை டவுன்ஹாலில் வாங்கி வந்தது.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம்
என்று அட்டையில் போட்டிருந்தது.
அரைப்பரீட்சை லீவு முழுக்க எண்ணினோம்.
பதினேழு.
மிச்சமெல்லாம் அதே ஆள், வேறு சட்டை.
கோபமே வரவில்லை எங்களுக்கு.
பதினேழே முடிந்தபாடில்லை.

டிவி மேல் கிடக்கும் அடாப்டர் அரைமணியில் சூடேறும்.
உயிர் போனவர் அதைக் கையில் பிடித்துக்கொள்ளலாம்
என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம்.
சில நாள் வேண்டுமென்றே
பள்ளத்தில் விழுந்திருக்கிறேன்.

அவனுக்கு ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக். எனக்கு இரண்டு.
இரண்டில் ஸ்டார்ட் கிடையாது.
அந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக், வழவழவென்று.
அவன் ஒன்றுக்குப் போக எழுந்தால்
உலகம் அப்படியே நின்றது,
குதித்த ஆமை அந்தரத்தில் காத்திருந்தது.
நான் எழுந்தால்
என் ஆள் நின்ற இடத்திலேயே அடி வாங்கிச் செத்தான்.

ஃபேக்டரி சங்கு அருவங்காட்டிலிருந்து மேலேறி வரும்.
அப்பா கேட் தாண்டிக் குவார்ட்டர்ஸ் சேர இருபது நிமிடம்.
நான் தேயிலைக்குள் சறுக்கி இறங்கப் பதினெட்டு.
ஆக, சங்குக்குப் பிறகும்
ரெண்டு நிமிடம் என் கணக்கில்.
அந்த ரெண்டு நிமிடத்தில் தாண்டிய பாலங்களை
மற்ற நேரத்தில் ஒருநாளும் தாண்டியதில்லை.

பிறகு குன்னூர் பெட்போர்டில் ஒரு கடை வந்தது.
மணிக்கு இருபது ரூபாய்.
சாம்பல் நிறப் பெட்டி, வட்டத் தட்டு, ஊத வேண்டியதில்லை.
ரெண்டு ஜாய்ஸ்டிக்கிலும் எல்லாப் பட்டனும் உண்டு
என்று போஜராஜ் வந்து சொன்னான்.
நான் பார்க்கவில்லை.
பையன்கள் கடை.
பஸ்ஸுக்கு நிற்பவள்போல் வாசலில் நின்று
நிஜமாகவே பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

முதல் சம்பளத்தில் காந்திபுரத்தில்
அதே சாம்பல் பெட்டியைப் பழையதாக வாங்கினேன்.
ஹாஸ்டலில் டிவி இல்லை.
ஆறு மாதம் கட்டிலுக்கடியில் இருந்தது,
நான் சொந்தக்காரி என்பது மட்டும் தெரிந்துகொண்டு.

போன மாதம் போஜராஜ் புதுவீட்டில் பால் காய்ச்சினான்.
சுவரளவு டிவி. அவன் மகன் காதை மூடிக்கொண்டு
எந்த ஊரிலோ இருக்கும் யாரையோ
அண்ணா, இடதுபக்கம், அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.
“ரெண்டாவதுல ஸ்டார்ட் இருக்காதுல்ல” என்றேன்.
“இல்லியே. ரெண்டுலயும் இருந்துச்சே.”
பொய் சொல்லவில்லை அவன். முகத்தைப் பார்த்தேன்.
இருந்தவனுக்கு எப்படித் தெரியும் இல்லாதது.
“அடாப்டர எப்பவும் நீயே புடிச்சுக்குவ,
எனக்குத்தான் கை வெறச்சுப் போகும்”
என்றான் அடுத்து.
அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

மகன் ஒன்றை என்னிடம் நீட்டினான்.
கம்பி இல்லை. கையில் கனமாக, லேசாக நடுங்கிற்று.
ஸ்டார்ட் என்று எங்கும் எழுதவில்லை,
மூன்று சின்னக் கோடுகள்.
என் கட்டைவிரல் அவற்றைத் தாண்டிப் போய்
வழவழப்பான இடத்தில் நின்றுகொண்டது.

அப்போது சங்கு ஊதிற்று.
அப்பா ரிட்டயராகிப் பதினோரு வருடம்.
இருந்தும் எழுந்துவிட்டேன்,
கால் செருப்பைத் தேடிற்று.

“உக்காரு” என்றான் போஜராஜ், திரையைவிட்டுத் திரும்பாமல்.
“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.”