மூணு பேர் சீட்

முக்கூடலில் பஸ் ஏறினால்
இடது பக்கம் இரண்டு பேர் சீட், வலது பக்கம் மூன்று.
நாங்கள் எப்போதும் மூன்றில்தான்.
ஜன்னலோரம் தளவாய், நடுவில் நான்,
ஓரத்தில் ஸ்கேன் ரிப்போர்ட் வைத்த மஞ்சள் பை.
வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு இது பதினோராவது தடவை.
பீடி சுற்றுவதை நிறுத்தச் சொன்னார் டாக்டர்.
நிறுத்தினால் பஸ்ஸுக்கு யார் தருவது?

நடுக்கல்லூர் வரை பேச ஒன்றும் இருக்காது.
அதனால் ஒரு பிராணியை யோசிக்க ஆரம்பித்தேன்.
ஆற்றுப் பாலத்துக்குக் கீழே
அமலைச்செடி மறைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.
நீர்நாய் அளவு, மீன் வாசம்.
அதற்குப் பால் மூன்று.

விதை வைத்திருப்பது அவன்.
முட்டை வைத்திருப்பது அவள்.
மூன்றாவதிடம் இரண்டும் இல்லை,
பேர் வைக்கத் தடுமாறினேன்.
அப்புறம் ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது:
அ, இ, உ மூன்றும் சுட்டு.
அவர் என்கிறோம், இவர் என்கிறோம்,
உவரை மட்டும் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.
தூரத்திலும் இல்லாத, பக்கத்திலும் இல்லாத ஆள்.
சரி, உவர்.
உப்புக்கும் அதே சொல்தான். இருக்கட்டும்.

ஐப்பசி வெள்ளம் வடிந்ததும்
அவன் விதையைப் பாறையில் பூசிவிட்டுப் போகிறான்.
அவள் முட்டையைச் சேற்றில் விடுகிறாள்.
பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது,
ஈரமண் மாதிரி வருஷக்கணக்கில் கிடக்கும்.
உவர் வந்து இரண்டையும் வாயில் அள்ள வேண்டும்.
கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு
தின்னாமல், ஒரு சொல் பேசாமல் தொண்ணூறு நாள்.
அந்த எச்சில் பட்டால்தான் உயிர் பிடிக்கும்.
அதுவரை உவருக்காக மற்ற இரண்டும் பேசும்,
பெரும்பாலும் தப்பாக.

பிள்ளைக்கு மூக்கு அவனுடையது, நடை அவளுடையது.
உவரிடமிருந்து உடம்பில் எதுவும் வராது,
இடி இடித்தால் பயப்படுகிற விதம் மட்டும்.

கல்யாணம் பெரும்பாடு.
மூன்று ஜாதகம் பொருந்தணும்.
மாலையை எந்தப் பக்கமாக மாற்றுவது என்று
ஒவ்வொரு மண்டபத்திலும் சண்டை.
இரண்டு பேர் ஒட்டிக்கொண்டால் ஒன்று முகம் தூக்கும்,
அடுத்த வாரம் தூக்குவது வேறு முகம்.
உவர்கள் எண்ணிக்கையில் குறைவு.
ஒருவருக்கொருவர் கிடைத்த பிறகும்
உவர் வருமா என்று கரையிலேயே உட்கார்ந்து
நரைத்துப்போன ஜோடிகள் நிறைய.

ஆனாலும் எனக்கு இதில் ஒன்று பிடித்திருக்கிறது.
பிள்ளை தங்கவில்லை என்றால்
யாரைச் சொல்வதென்று ஊருக்குத் தெரியாது.
வளைகாப்பு வீட்டில் பிரமசத்தி மதினி
சந்தனக் கிண்ணத்தை என்னைத் தாண்டி நீட்டினாளே,
அந்தக் கை அங்கே திண்டாடும்.
மூன்று பேரைத் தாண்ட அதற்கு நீளம் போதாது.
எனக்கென்று வைத்திருக்கும் ஒற்றைச் சொல்லை
மூன்றாக அரிந்தால்
ஒரு துண்டு பீடிக்கட்டு கனம்தான் வரும்.
தூக்கிவிடலாம்.

தளவாயிடம் சொன்னேன்.
"கிறுக்கு பிடிச்சிருக்கு ஒனக்கு" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"வாயில வச்சிருக்கப்ப தும்மல் வந்தா?" என்றான்.
அதை நான் யோசிக்கவே இல்லை.

பேட்டையில் கருவாட்டுக் கூடையோடு ஒருத்தி ஏறினாள்.
விற்றுத் தீர்ந்த கூடை, அடியில் உப்பு மட்டும்.
மஞ்சள் பையை மடிக்கு எடுத்தேன்.
உட்கார்ந்தாள். கூடையின் ஈரம் என் சேலையில் ஏறியது.
வெற்றிலையாக இருக்கும்,
ஒரு கன்னம் உப்பியிருந்தது, உதடு இறுக மூடியிருந்தது.

"எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.
அவள் வாய் திறக்கவில்லை,
முன்பக்கமாகக் கையை மட்டும் நீட்டினாள்.
தளவாய் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து
அவளுக்காகச் சொன்னான்: "ஜங்சன்."
அவள் இல்லையென்று தலையாட்டினாள்.
கண்டக்டர் காத்திருந்தார்.
தளவாய் என் பக்கம் திரும்பினான்.
"நீ சொல்லிப் பாரு" என்றான்.