ஒரு விரல் முன்னால்

ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவளுக்குத்
தோள் உறைந்துபோனதில்
துறைமுகம் முழுக்கச் சிரிப்பு.
டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.
மெதுவாக அசையுங்கள்,
வலிக்கும் இடத்துக்கு ஒரு விரல் முன்னால்
நின்றுவிடுங்கள் என்றார்.

அப்படித்தான் விடியுமுன்
தேவனாம்பட்டினத்து மணலில் ஆறு பேர்.
ஜெசிந்தா எண்ணுவாள்.
இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்கள்போல்
கைகளைத் தூக்குவோம்.

மருமகன் திருப்பூரிலிருந்து அனுப்பிய டிராக்சூட்
ஊதா நிறம், ஓரத்தில் வெள்ளைக் கோடு.
வேர்வை தங்காது என்று அட்டை சொன்னது.
தங்கவில்லைதான்.
வழிந்து இடுப்பு எலாஸ்டிக்கில் சேர்ந்து
கடல்காற்று பட்டதும் முதுகில் ஏறிச் சில்லிட்டது.
மூன்று தண்ணீரில் அலசியும்
அக்குளில் நேற்றைய நான்.
அதுகூடப் பரவாயில்லை.
கை ஏறினால் சர்ரக்.
இறங்கினால் சர்ரக்.
மூச்சை எண்ண வந்தவள்
துணியை எண்ணிக்கொண்டு நின்றேன்.

புதுச்சேரி காந்தி வீதியில்
ஞாயிற்றுக்கிழமைக் குவியலுக்குள்
அது கிடந்தது.
மண்ணாங்கட்டி நிறம், மெல்லிசு, முழுக்கை,
இடது முழங்கையில் பூச்சி தின்ற ஓட்டை.
யாருடைய குளிருக்கு வாங்கியதோ.
நூற்று நாற்பது ரூபாய்.
"நிஜக் கம்பளியா?"
கடைக்காரப் பையன் பதில் சொல்லாமல்
அடிமடிப்பில் ஓர் இழை உருவி
லைட்டரைக் காட்டினான்.
பற்றத் தயங்கியது, சுருண்டது,
தானே அணைந்தது.
முடி கருகும் வாடை.
அப்புறம் தன் பனியனிலிருந்தே ஓர் இழை.
அது உருகிச் சொட்டி
அவன் நகத்தில் கறுப்பு மணியாய் ஒட்டிக்கொள்ள
"ஸ்ஸ்" என்று கையை உதறினான்.

பேரம் பேசவில்லை.
கடலூர் பஸ்ஸில்
என் பின்னலின் நுனியையும்
மடியில் கிடந்த கையையும் மாறி மாறித் தடவினேன்.
இரண்டும் ஒரே சரக்கு.
ஆட்டுக்கு மட்டும் அது தெரிந்திருக்கும்.

"என்னம்மா, கெடிலம் உறைஞ்சிருச்சா?"
கொளஞ்சிநாதன் கேட்டார்.
அவர் தலையில் குரங்குக் குல்லா.

முதல் ஐந்து நிமிடம் குத்தும், பொய் சொல்ல மாட்டேன்.
பிறகு தோலும் அதுவும்
ஏதோ பேசி முடித்துக்கொள்கின்றன.
வேர்த்தால் வாங்கி வைத்துக்கொள்கிறது,
குளிராகத் திருப்பித் தருவதில்லை.
மார்கழிப் பனி
மயிர் நுனிகளில் உருண்டு நிற்கிறது,
உள்ளே வர அவசரம் இல்லை அதற்கு.
கை ஏறுகிறது.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்றும் கேட்காததால்
அலை மணலை உறிஞ்சித் திரும்புவது,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
ஜெசிந்தா எச்சில் விழுங்குவது,
என் தோளுக்குள்
யாரோ பழைய பூட்டில் சாவியைத் திருகுவது
எல்லாம் கேட்கிறது.
சாவி திரும்பும் முன்
நின்றுவிடுகிறேன். ஒரு விரல்.

மகள் வீடியோவில் வருகிறாள்.
"டிராக்சூட் போட்டுக்கிறியாம்மா?"
"துவைச்சுக் காயுதுடி."
பொய்யில்லை.
பதினோரு நாளாய்க் கொடியில் காய்கிறது.
காய்ந்து அரை மணி நேரத்திலேயே
அதன் வேலை முடிந்துவிட்டது.

சித்திரையில் என்ன செய்வாய் என்கிறார்கள்.
தெரியாது.
முழங்கை ஓட்டைக்கு
இன்னும் நூலே கிடைக்கவில்லை.

ஞாயிறுதோறும் வெதுவெதுப்பான தண்ணீர்,
ஒரு சொட்டு ஷாம்பூ.
ஒற்றைப் படுக்கையறை வீடு முழுக்க
மழையில் நனைந்த கிடையின் மணம்.
பிழியக்கூடாது, தொங்கவிடக்கூடாது.
கட்டிலில் துண்டை விரித்து
மல்லாக்கப் படுக்க வைக்கிறேன்.

மின்விசிறிக் காற்றில்
வலது கை தலையணைக்கு மேலே
நேராய் நீண்டு கிடக்கிறது.
என் கை இன்னும்
காதுவரைகூடப் போவதில்லை.

இறக்கிவிடத் தோன்றவில்லை.
அன்றிரவு
தரையில் பாய் விரித்துப் படுத்தேன்.