கள்ளி இல்லாதவை

கொழிஞ்சாம்பாறையில் முண்டகன் நட்டு
முப்பத்தெட்டாம் நாள்.
என் வேலை தட்டுவது.
தூரைச் சாய்த்து மூன்று தட்டு,
தண்ணீரில் விழுகிற புகையானை எண்ணுவது.
எண்ணி முடிப்பதற்குள் பாதி துள்ளிப் போகும்.
நூறு தூருக்கு ஐந்நூறு ரூபாய்,
பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வரப்புக்கு இந்தப் பக்கம் ஆறுச்சாமியின் வயல்.
மூன்றாம் தடவையும் யூரியா விழுந்திருந்தது.
பஸ்ஸில் போகிறவர்கள்
தலையைத் திருப்பிப் பார்க்கிற பச்சை.
தண்டைக் கிள்ளினால்
வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நீர் கசியும்.
ஊசி வாய்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்?
இருபத்தாறு. முப்பத்தொன்று.
அப்புறம் 'நிறைய' என்று எழுதினேன்.
அதை அடித்துவிட்டு
எண் கேட்டார் பிரதீஷ் சார்.

அந்தப் பக்கம் எஸ்தாக்கியின் வயல்.
ஆட்டுக்கிடை, மக்கின சாணி, புங்கந்தழை.
யாருக்கும் காட்டத் தோன்றாத
வெளிறிய பயிர்.
இலையோரம் விரலை அறுத்தது.
நான்கு. ஆறு. ஒன்று.
குருத்துப்பூச்சி மட்டும் பாரபட்சம் பார்க்கவில்லை,
இங்கேயும் நடுக்குருத்து காய்ந்திருந்தது.
அதையும் எழுதினேன்.

ஆனால் நட்ட இரண்டாம் வாரமே
சாணிச் சேற்றில் பிறந்த பொடி ஈக்கள்
அந்த வயல்மேல் ஆவி போல ஆடின.
நெல்லைத் தொடாதவை, யாரையும் கடிக்காதவை.
பேனாவைத் திறந்தேன்.
"அது வேண்டா, அதினு கள்ளியில்லல்லோ."
கள்ளி என்றால் அவர் பாஷையில் கட்டம்.
எங்கள் வேலியில் அது முள்.

அந்த ஈக்களைத் தின்றுதான் சிலந்திகள்
முன்கூட்டியே குடியேறி,
முட்டைப் பையைச் சுமந்து,
புகையான் வருகிற நாளில்
பசியோடு நின்றன.

எழுபதாம் நாள்
ஆறுச்சாமியின் பச்சையில் வட்டம் வட்டமாய்ச் சூடு,
பழுத்த தோசைக்கல்லை
யாரோ கவிழ்த்து வைத்து எடுத்தது போல.
மருந்து அடித்தார்.
முதலில் செத்தது சிலந்தி.
பத்து நாளில் புகையான் திரும்பி வந்தது,
இந்தத் தடவை யாருக்கும் பயமில்லாமல்.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி
மொபட்டில் தொடைக்கு நடுவே
அந்தக் கடைசி மூட்டையைக் கொண்டுவந்தவர்,
வரப்பில் குத்தவைத்து என்னைக் கேட்டார்:
"அதைப் போடாம இருந்திருந்தா
எத்தனை வந்திருக்கும்?"

தாளைப் புரட்டிப் பார்த்தேன்.
தேதி, தூர், எண், கையொப்பம்.
ஓரத்தில் மட்டும்,
அன்று திறந்த பேனாவை மூட மனமில்லாமல்
நான் வைத்த புள்ளிகள்.
எத்தனை என்று
எனக்கே தெரியாது.