தோன்றா எழுவாய்

டண்டீ ரயில் நிலையத்துக்கு எதிரே, மூன்றாம் மாடியில்,
மக்கள் தொடர்பு நிறுவனம்.
நான் அங்கே கணக்கு எழுதுபவன்.
யார், எந்த வாடிக்கையாளருக்காக,
எத்தனை கால் மணி நேரம் மூளையைச் செலவிட்டார்கள் என்று
வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிப் பார்ப்பவன்.

அய்ல்சா மெக்ஃபெயில்,
நீ செப்டம்பரில் வந்தாய்.
பட்டமளிப்பு அங்கியின் வாடகை ரசீது
இன்னும் உன் பையில் கிடந்தது.
அதைச் செலவுக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேட்டாய்.
முடியாது என்றேன்.
சும்மா கேட்டேன் என்று சிரித்தாய்.

முதல் மாத நேரத்தாளில்
நாய் உணவுக்குப் பிறந்தநாள் விழா, ஒன்றரை மணி.
எண்பத்தாறு நிருபர்களுக்கு மின்னஞ்சல், மூன்று மணி.
வந்த பதில் ஒன்று.
அதுவும் "விடுமுறையில் இருக்கிறேன்" என்று
இயந்திரம் போட்டது.
"இதெல்லாம் பாடத்தில் இல்லையே" என்றாய்,
நகல் இயந்திரத்தில் சிக்கிய தாளை உருவிக்கொண்டே.

நவம்பரில் பிஸ்கட் கம்பெனி வந்தது.
இரவு ஷிஃப்டை மூடுகிறார்கள்.
காலை ஏழு மணிக்கு அறிக்கை வெளியாக வேண்டும்.
"முதல் வரைவு நீ எழுது" என்றான் ருவாரி.
உன் முகத்தில் விளக்கு எரிந்தது.
பிறகு அந்த எண்ணைப் படித்தாய்:
நூற்றுப் பன்னிரண்டு பேர்.

"முடிவு செய்தோம்" என்று எழுதினாய்.
"முடிவு செய்யப்பட்டுள்ளது" என்று திருத்தினான்.
"நீக்குகிறோம்" என்றாய்.
"பணியிடங்கள் மறுசீரமைக்கப்படுகின்றன" என்றான்.
ஐந்தாம் வரைவில்
உன் வினைச்சொல் ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'படு'.
எல்லாம் வரிசையாகப் படுத்துக்கொண்டன.
நீ மட்டும் இரவு ஒன்றரைக்குப் படுத்து
ஐந்துக்கு எழுந்தாய்.

எங்கள் இலக்கணத்தில் ஒரு சொல் உண்டு, அய்ல்சா.
செய்தவன் வாக்கியத்துக்குள் தலைகாட்டாமலே
செய்துவிட்டுப் போனால்
அவன் தோன்றா எழுவாய்.
கறாராகப் படித்தவர்கள் இந்த விளக்கத்தை ஒப்பமாட்டார்கள்.
நான் கணக்குக்காரன், கொஞ்சம் வளைக்கிறேன்.
பள்ளியில் அதற்கு இரண்டு மதிப்பெண்.
இங்கே மணிக்குத் தொண்ணூறு பவுண்டு.

ஏழு பத்துக்கு உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து மொராக் அழைத்தாள்.
"முடிவு செய்தது யார்?"
உன் கையில் இருபத்து மூன்று கேள்விகளுக்கான பதில் இருந்தது.
இருபத்து நான்காவதை அவள் கேட்டாள்.
"திரும்ப அழைக்கிறேன்" என்று வைத்தாய்.
ருவாரியின் ரயில் அப்போது டே பாலத்தின் மேல்;
சிக்னல் இல்லை, அல்லது எடுக்கவில்லை.
ஜன்னலில் ஒரு கடற்காக்கை
யாருடைய சாண்ட்விச்சையோ தின்றுகொண்டிருந்தது.

கடைசி வரியில் இருந்தது:
"வருத்தம் தெரிவிக்கப்படுகிறது."
அதை அழித்தாய்.
"நாங்கள் வருந்துகிறோம்" என்று அடித்தாய்.
திருத்திய பிரதி என்று தலைப்பிட்டு
எண்பத்தாறு பேருக்கும் அனுப்பினாய்.
அனுப்பியபின் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாய்,
வேறு எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதுபோல.

மறுநாள் ஐந்தாம் பக்கம்.
நிர்வாக இயக்குநரின் படம், நல்ல சூட்.
"நாங்கள் வருந்துகிறோம்" என்றார் அவர்.
அவர் சொல்லவே இல்லை.
அவரைத் திட்டிய கடிதங்கள் வந்தன;
பரவாயில்லை, மனிதர்தான் என்று ஒன்றிரண்டும் வந்தன.
ருவாரி படித்துவிட்டு உன் மேசையருகே வந்து நின்றான்.
எதுவும் சொல்லாமல் காபி எடுக்கப் போனான்.
போனில் உன் அம்மா
அதில் எது நீ எழுதியது, உன் பெயரைக் காணோமே என்று
கேட்டிருக்க வேண்டும்.
"இருக்கிறது அம்மா, தெரியாது" என்றாய்.
பெருமையா வெட்கமா என்று
இங்கிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை உன் நேரத்தாளில் ஒரு வரி:
ஒரு வாக்கியத் திருத்தம், கால் மணி.
வாடிக்கையாளர் பெயருக்கான கட்டம் காலி.
பயிற்சிக் கணக்கில் எழுதினேன்.
அடித்துவிட்டு பிஸ்கட் கம்பெனிக்கே எழுதினேன்,
இருபத்திரண்டரை பவுண்டு.
மறுபேச்சில்லாமல் கட்டினார்கள்.