நாலு நாற்பத்திரண்டு

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த மூன்றாம் மாடி.
போன வருடம்வரை இரசாயன வகுப்பு நடந்த இடம்.
வெண்பலகையில் யாரோ சமப்படுத்தாமல் விட்டுப்போன சமன்பாட்டை
நாங்களும் அழிக்கவில்லை.
மணிக்கு எண்ணூறு ரூபாய் வாடகை. மின்விசிறி இரண்டு,
ஒன்று சுற்றுவதாக நடிக்கும்.

முதுகலை இரண்டாம் வருடச் செய்முறைப் பரீட்சை:
இசையும் நடனமும் நாடகமும் கலந்த
நாற்பது நிமிட ஆற்றுகை.
‘கலந்த’ என்பதற்கு விதிமுறைக் கோவையில்
அரைப்பக்க விளக்கம் உண்டு.
மூன்று தரம் வாசித்தும் எனக்குக் கலக்கவில்லை.

வாரணி பரதம். இடது கை விரலில் ஜதியை எண்ணுவாள்.
இரேஷா கண்டிய நடனம். அவள் எண்ணுவதே இல்லை,
முழங்காலுக்குத் தெரியுமாம்.
இருவரும் ஒரு தீர்மானத்தில் ஒன்றாய் வந்து நின்றதாக
ஒரு சனிக்கிழமையும் எனக்கு நினைவில்லை.
சுகிர்தன் மிருதங்கம். வெள்ளிவரை
புறக்கோட்டை வங்கியொன்றில் நோட்டு எண்ணுகிற விரல்.
நுஸ்ரா நடிப்பு. மருதானை வீட்டில் இதை
‘ஏதோ ஒரு டிப்ளோமா’ என்று சொல்லிவைத்திருக்கிறாள்.
நான் நெறியாள்கை. அதாவது
பிளேன்டீ வாங்கிவருகிறவள்.

நுஸ்ராவின் முக்கியமான வசனம் வரும்போதெல்லாம்
பாணந்துறை ரயில் வரும்.
யன்னல் கண்ணாடி முழுதும் அதன் பேச்சு.
வசனத்தை முன்னுக்குத் தள்ளினோம்,
அங்கே கோட்டைக்குப் போகிற ரயில் நின்றது.
முதல் மாதம் திட்டினோம்.
இரண்டாம் மாதம் ஒருநாள்
இரேஷா தூக்கிய காலைத் தூக்கியபடியே வைத்திருந்தாள்.
வாரணியின் விரல் ஐந்தில் நின்றது.
சுகிர்தனின் உள்ளங்கை தோலுக்கு ஒரு சாண் மேலே.
கடைசிப் பெட்டி போனது.
காலும் கையும் விரலும்
ஒரே இடத்தில் விழுந்தன.

யாரும் பேசவில்லை.
“கார்வை,” என்றான் சுகிர்தன், பிறகு.
நான் எழுத்துருவில் எழுதினேன்:
ரயில். பதினெட்டு விநாடி.

பரீட்சையை இந்த அறையிலேயே நடத்தக் கேட்டு
பீடத்துக்கு நாலு கடிதம்.
‘பரீட்சார்த்தியின் சொந்தப் பொறுப்பில்’ என்று
ஒற்றை வரியில் அனுமதி வந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை, ஓட்டோவில்,
வானொலி சொன்னது:
நள்ளிரவு முதல் ரயில் சாரதிகள் பணிப்புறக்கணிப்பு.

கைபேசியில் ரயில் சத்தம் இருக்கு, போடுவமா என்றாள் வாரணி.
நுஸ்ரா அவளைப் பார்த்த பார்வையை
என்னால் எந்த நடிகைக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

நாலு நாற்பத்திரண்டு.
கால் மேலே. கை மேலே. விரல் ஐந்தில்.
வெறுமை வந்தது, நேரம் தவறாமல்.
நடிக்கிற மின்விசிறியின் மூச்சு கேட்டது.
கீழே யாரோ இறாலுக்குப் பேரம் பேசினார்.
எட்டு மாதம் அதன் பக்கத்திலேயே ஒத்திகை பார்த்தும்
கடலை அன்றுதான் கேட்டேன்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
இரேஷாவின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது.
மட்டக்களப்பிலிருந்து வந்த வெளிப் பரீட்சகர்
பேனாவை எழுதாமல் பிடித்திருந்தார்.
பதினெட்டு.

வாய்மொழிப் பரீட்சைக்கு முப்பது பக்கம் தயாராக இருந்தேன்.
அவர் ஒன்றுதான் கேட்டார்:
“அந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்?”
“ரயில் போகட்டும் என்று, சேர்.”
எழுந்து யன்னலடிக்குப் போனார்.
வெயிலில் தண்டவாளம், அதன்மேல் ஒரு நாய்.
“இன்றைக்கு ரயில் இல்லையே.”
“இல்லை, சேர்.”
ஏதோ எழுதினார். நீளமாக இல்லை.

பெறுபேறு இன்னும் வரவில்லை, ஒன்பது மாதம்.

அன்று பஸ்ஸில் கால்வைக்க இடமில்லை.
வேலை முடிந்த சனமெல்லாம் தண்டவாளத்தில் நடந்தது,
நாங்களும் பம்பலப்பிட்டிப் பக்கம் இறங்கி நடந்தோம்.
சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி
எந்த மனிதரின் எட்டுக்கும் பொருந்தாது;
ஒன்றில் வைத்தால் கிட்ட, ஒன்றைத் தாண்டினால் தூரம்.
முன்னால் போன வாரணி எண்ணுவதை விட்டிருந்தாள்.
இரேஷா ஏதோ முணுமுணுத்தாள்,
கேட்டால் சிங்களத்தில் ஐந்து, ஆறு.
நுஸ்ரா வீட்டுக்கு அழைத்தாள்:
“ஓம் உம்மா, சோதின முடிஞ்ச.
இல்ல, ரயில் இல்ல.
நடந்துதான் வாறன்.”